ஏழு புள்ளிக் கரப்பான்

கரப்பான் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முகத்தைச் சுளிப்பது நம்மில் பெரும்பாலோருக்குச் சுபாவமாகிவிட்டது. ஆயினும் உலகில் அறியப்பட்டுள்ள 4,000-க்கு மேற்பட்ட கரப்பான் ஜாதிகளுள் மனிதர் வாசஸ்தலங்களை அண்டிப் பிழைப்பவை ஏறக்குறைய 30 மாத்திரமே; ஏனையவற்றில் அநேகம் வனாந்தரங்களிலே சருகுக்கும் மண்ணுக்கும் நடுவே வாழ்ந்து, உதிர்ந்த இலையை எருவாக்கும் அரிய காரியத்தைச் செய்துவருகின்றன.

அத்தகைய வனவாசிகளுள் ஒன்றுதான், தென்னிந்தியாவின் முட்புதர்க் காடுகளை ஜன்மபூமியாகக் கொண்ட ஏழு புள்ளிக் கரப்பான். லண்டனில் மருந்துக்கடை நடத்திய இயற்கை ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் பெடிவரின் ஞாபகமாக, 1758-ல் வகைப்பாட்டறிஞர் லின்னேயஸ் சூட்டிய பெயரின் எச்சம் அதன் இன்றைய விஞ்ஞானப் பெயரான ‘தேரியா பெடிவெரியானா’ என்பதில் விளங்குகிறது. கரிய தேகத்தின்மீது பளிச்சென்ற வெண்புள்ளிகள் ஏழு. எதிரியின்மேல் அமிலத்தைப் பீச்சும் ஆறு புள்ளித் தரைவண்டு ஒன்று இதே பிரதேசத்தில் உண்டு. அதன் சாயலைப் பூண்டிருப்பதால் பறவைகளும் பல்லிகளும் இதைத் தீண்ட அஞ்சும் என்பது பூச்சி நிபுணர்களின் அபிப்பிராயம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பூச்சி வளர்ப்போர் இதைக் கண்ணாடிப் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிவருகின்றனர். இந்த வளர்ப்பின் ரகசியமெல்லாம் மண்ணில் அடங்கியிருக்கிறது. வளர்ந்த பூச்சி வெளியே உலாவும்; அதன் குஞ்சுகளோ முதிரும்வரை மண்ணுக்குள்ளேயே புதைந்து கிடப்பவை. ஆதலால் தென்னை நார்த்தூளும் மக்கிய இலையும் கலந்து நாலு விரற்கடைக்குக் குறையாமல் நிரப்பி, ஒரு பாதியை ஈரமாகவும் மறு பாதியை உலர்ந்தும் வைத்தால், தமக்கு உகந்த இடத்தை அவையே தேடிக்கொள்ளும். முழுவதும் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். முழுவதும் காய்ந்தால் முட்டைக்கூடுகள் வற்றிப்போகும். மேலே சருகு பரப்பி, பழத்துண்டும் மீன் தீவனமும் சிறிதளவு இட்டு, காற்றோட்டமுள்ள மூடியால் மூடிவைப்பது போதும். அந்தச் சருகு பூச்சிமருந்து படாத மரத்தினுடையதாக இருக்க வேண்டும். அறையில் கொசுவர்த்தி கொளுத்துவதும் கூடாது.

பெண் பூச்சி முட்டைக்கூடுகளைத் தனித்தனியே மண்ணில் இட்டுச் செல்லும். குஞ்சுகள் பல முறை தோலுரித்து முதிர்வதற்குப் பல மாதங்கள் செல்லும். முதிர்ந்த பின்போ சில மாதங்களே ஆயுள். கடைசித் தோலைக் கழற்றிய பூச்சி முதலில் வெளுத்த மேனியாய்த் தோன்றி, பின்னர் கொஞ்சங் கொஞ்சமாகக் கறுத்து வர, புள்ளிகள் மாத்திரம் அந்த வெண்மையை விடாமல் எஞ்சி நிற்கும் காட்சியைக் காண்பவர், கரப்பானை அசிங்கமென்று இனிச் சொல்லத் துணியமாட்டார். ஆயினும் இடையில் மண்ணைக் கிளறிப் பார்க்கும் ஆவலை அடக்க இயலாதவருக்கு இந்த வளர்ப்பு சித்திக்காது. பொறுமையே இதற்குப் பிரதான மூலதனம்.

கடல்கடந்த தேசங்களில் இத்தனை சிரத்தையோடு பேணப்படும் இந்த ஜீவன் நம் புதர்க்காட்டுச் சருகுக்கடியிலேயே இருக்கிறது. விளைவிக்கப் பிரயோஜனமில்லாத தரிசென்று நாம் அலட்சியமாகச் சுத்தம் செய்யும் அந்நிலங்களில், சருகைக் குவித்து நெருப்பு வைக்கும்போது அதன் முட்டைக்கூடுகளும் குஞ்சுகளும் சேர்ந்தே சாம்பலாகின்றன. காட்டோரத்து நிலமுடையோர் அருள்கூர்ந்து வேலியோரச் சருகுக்கு இனித் தீ வைக்காதிருப்பார்களாக.