ஐம்பதுக்குள் அடங்கும் துறைமுகம்

சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட நாள் முதல் அபிப்பிராயம் சொல்வதற்கான கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது என்பதும், அந்தக் கெடு வாரக்கணக்கில்தான் இருக்குமென்பதும் தெரிந்திருந்தும், ஜொகூரின் ஆயர் ஈத்தாமிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வரும் கடிதங்கள் பெரும்பாலும் கடைசி நேரத்திலேயே நமக்கு வந்து சேர்கின்றன. 2025 ஜனவரியில் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்படிக்கை கையெழுத்தானது முதல், பூலாய் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்தையும் அதற்குச் செல்லும் ரயில் பாதையையும் விஸ்தரிக்கும் பேச்சு வலுத்திருக்கிறது. கடிதங்களில் குழப்பமும் அதே வேகத்தில் வளர்ந்திருக்கிறது. அடுத்த கெடு வந்து கழுத்தைப் பிடிக்குமுன் சிலவற்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

எந்த விஸ்தரிப்புக்கு ஆய்வு வேண்டும்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் மூலம். மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1987இல் பிறந்த ஆணை, புதிய துறைமுகம் கட்டுவதானாலும், இருக்கும் துறைமுகத்தின் ஆண்டுக் கையாளும் திறனை 50 விழுக்காடோ அதற்கு மேலோ கூட்டுவதானாலும், முதலில் பாதிப்பாய்வு செய்யவேண்டுமென்று விதித்தது. கடலோரத்தை மண்ணிட்டு நிரப்புவதற்கு 50 ஹெக்டேர் என்று எல்லை குறித்தது. அதன் இடத்தில் வந்த 2015ஆம் ஆண்டின் ஆணை திட்டங்களை இரண்டு அட்டவணைகளாகப் பிரித்து, இரண்டாம் அட்டவணையில் உள்ளவற்றின் அறிக்கைகளை மட்டும் மக்கள் முன் வைக்கக் கட்டாயப்படுத்துகிறது. எந்தத் திட்டம் எந்த அட்டவணை என்பதைத் தீர்மானிப்பதில் அளவே இன்றும் பெரும்பங்கு வகிக்கிறது.

எல்லைக்கோடு எங்கே போடப்படுகிறதோ அங்கேயே, அதற்கு ஓர் அங்குலம் இப்பால் நின்றுகொள்ளும் சாமர்த்தியமும் பிறந்துவிடுகிறது. நூறு பெட்டிகளைக் கையாளும் துறைமுகம் ஒன்று தன் திறனை 40 விழுக்காடு கூட்டினால் நூற்று நாற்பதாகிறது. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் 40 விழுக்காடு கூட்டினால் நூற்றுத் தொண்ணூற்றாறாகிறது. ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது, ஆனால் எந்த ஒரு தடவையிலும் 50 விழுக்காட்டைத் தொடவில்லை. மூட்டை அரிசியை உழக்கு உழக்காக எடுத்துச் செல்பவனை எந்த உழக்கும் காட்டிக்கொடாது. தஞ்சோங் பெலெப்பாஸ் இப்படி வளர்ந்ததென்று நான் குற்றஞ்சாட்டவில்லை. இப்படி வளர்வதற்கு அளவுகோலே இடங்கொடுக்கிறது என்பதுதான் என் கவலை.

இது வெறும் கற்பனையும் அன்று. துறைமுகத்துக்கு அருகிலேயே, கடலில் ஆயிரத்து அறுநூறு ஹெக்டேருக்கு மேல் நிரப்பி நகரமொன்று எழுப்பக் கருதிய ஃபாரஸ்ட் சிட்டி திட்டம், 2014இன் தொடக்கத்தில், ஐம்பது ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான பகுதி என்ற கணக்கில், விரிவான ஆய்வு ஏதுமின்றியே மண்ணைக் கொட்டத் தொடங்கியது. சிங்கப்பூர் கவலை தெரிவித்து, அந்த ஆண்டின் நடுவில் வேலை நிறுத்தப்பட்டு, ஆய்வு முடிந்து 2015 ஜனவரியில் அனுமதி கிடைப்பதற்குள், மெராம்போங் கடற்புல் திட்டின் குறுக்கே மண்சாலை ஒன்று ஓடிவிட்டிருந்தது.

அளக்கப்படும் பொருளிலும் கோளாறு இருக்கிறது. திறன் என்பது பெட்டிகளின் கணக்கு. சேற்றுக்கும் கண்டல் வேருக்கும் அந்தக் கணக்கோடு சம்பந்தமில்லை. பெரிய கப்பல்களுக்காகத் தோண்டப்படும் ஆழமும், அவை எழுப்பும் அலையும், கலங்கிய நீர் கடற்புல்லுக்கு மறைக்கும் வெளிச்சமுமே அங்கே தீங்கு செய்பவை. அருகிலுள்ள தஞ்சோங் பியாய் கரையோரத்தின் அரிப்புக்குக் கப்பல் அலைகளும் ஒரு காரணமாகப் பேசப்படுகின்றன.

ராம்சார் பாதுகாப்பு இருக்கிறதே?

பூலாய் ஆற்றின் சதுப்புநிலக் காடு 9,126 ஹெக்டேர் பரப்புடன் 2003 ஜனவரியில், ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது மெய். அதிகாரிகளின் உரைகளில் அது கோட்டைச்சுவரைப்போல் வர்ணிக்கப்படுவதும் மெய். ஆயினும் அது உலகத்துக்கு நாம் கொடுத்த வாக்குறுதியேயன்றித் தானாகத் தடுக்கும் உள்நாட்டுச் சட்டமாகாது. நிலமும் வனமும் மாநில அதிகாரத்தில் இருக்கின்றன.

ரயில் வந்தால் லோரிகள் குறையுமா?

குறையுமென்று சொல்பவர்களிடம் எண்ணிக்கையைக் கேட்கவேண்டும். கெம்பாஸ் பாருவிலிருந்து துறைமுகத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ரயில் தடம் ஏற்கனவே இருக்கிறது. 2024இல் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாண்ட இத்துறைமுகத்தின் வியாபாரத்தில் மிகப் பெரும்பகுதி, ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றுவதாகும். சாலையையே தொடாத பெட்டிகளைச் சாலையிலிருந்து ரயிலுக்கு மாற்றுவதாகக் கணக்குக் காட்டினால், அதனால் நமக்கு என்ன பிரயோஜனம்?

ரயில் ஆயர் ஈத்தாமுக்கு வருமா?

இப்போதுள்ள இரட்டைத் தண்டவாளம் ஆயர் ஈத்தாமைத் தொடாமல் குளுவாங் வழியாகவே செல்கிறது.

முதலில் அடிபடுவோர் யார்?

தஞ்சோங் கூப்பாங் மீனவர்களும், சிம்பாங் ஆராங் கிராமத்து ஓராங் செலேத்தார் பூர்வகுடியினரும்.

அறிக்கையை எழுதுபவர் யார்?

சுற்றுச்சூழல் இலாகாவில் பதிவுபெற்ற ஆலோசகர். ஊதியம் கொடுப்பவர் திட்டக்காரர்.

நேரில் பேச முடியாதா?

இங்கே எழுத்து மூலமே வழக்கம். நேர்முகக் கருத்துக்கேட்பை விதித்திருக்கும் இந்தியாவிலும், தமிழ்நாட்டின் காட்டுப்பள்ளித் துறைமுக விஸ்தரிப்புக்கு 2021இலும் 2023இலும் குறித்த கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன.

எழுதினால் பலன் உண்டா?

ஃபாரஸ்ட் சிட்டியின் பரப்பு, ஆய்வுக்குப் பின் 1,386 ஹெக்டேராகக் குறைக்கப்பட்டது.

என்ன எழுதுவது?

ஆற்றின் அழகைப் பற்றி எழுதவேண்டாம். அதை அறிக்கை எழுதியவரும் முதல் அத்தியாயத்தில் புகழ்ந்திருப்பார். முன்பு அனுமதி பெற்ற கட்டங்களையும், இப்போது கேட்கும் கட்டத்தையும், தனிக் கோப்பில் வைக்கப்பட்டிருக்கும் ரயில் பாதையையும் சேர்த்துக் கூட்டினால், நிரப்பப்படும் நிலம் எவ்வளவு, தோண்டப்படும் சேறு எவ்வளவு, கையாளும் திறன் முதல் நாளைவிட எத்தனை மடங்கு என்று கேளுங்கள். கூட்டுத்தொகை அறிக்கையிலேயே இருந்தால் பக்க எண்ணைக் காட்டுவது அவர்களுக்குச் சிரமமில்லை; இல்லையென்றால், இல்லை என்பதை எழுத்தில் பதிவுசெய்யும் உரிமை கெடு முடியும்வரை உங்களுக்கு உண்டு.