விழுந்தும் உடையாத கண்ணாடி

கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காபியை ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'படக்'கென்று ஒரு சத்தம். காபி மேஜையில், டம்ளர் இரண்டு துண்டு!

ஆனால், மின்சார இண்டக்ஷன் அடுப்பின் மேல் பளபளக்கும் கறுப்புத் தகட்டைக் கவனித்திருக்கிறீர்களா? கொதிக்கும் பாத்திரத்தை அதே தகடுதான் தாங்குகிறது. அந்தச் சூட்டிலேயே குளிர்ந்த தண்ணீர் சிந்தினாலும், நல்ல ரகத் தகடு அசைந்து கொடுப்பதில்லை. அதுவும் கண்ணாடி இனம்தான் என்றால் நம்புவீர்களா?

முதலில் டம்ளர் ஏன் உடைகிறது என்று பார்ப்போம். சூடு பட்டால் கண்ணாடி விரியும். ஆனால் கண்ணாடிக்குள் சூடு மெதுவாகத்தான் பரவும். உட்புறம் விரிந்துவிடுகிறது, வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. இந்த இழுபறியில் கண்ணாடி விரிசல் விடுகிறது. தடித்த டம்ளர் மெல்லிய டம்ளரை விடச் சுலபமாக உடைவதும் இதனால்தான்.

ஓர் இல்லத்தரசி சுட்ட கேக்

இந்தத் தொல்லைக்கு வழி பிறந்த கதையில் முதற் பங்கு ஒரு பெண்மணிக்கு உண்டு. அமெரிக்காவில் கார்னிங் என்ற ஊர்; அங்கே பெரிய கண்ணாடித் தொழிற்சாலை. அதில் விஞ்ஞானியாக இருந்தவர் ஜெஸ்ஸி லிட்டில்டன். அவர் மனைவி பெஸ்ஸி, 1913-ல், தம் வீட்டு மண்பாத்திரம் அடுப்பில் வெடித்துவிட்டதால் சலித்துப் போய், தொழிற்சாலையிலிருந்து ஏதாவது கொண்டுவரும்படி கணவரிடம் சொன்னார். அவரும் மின்கலங்களுக்காகச் செய்த கண்ணாடி ஜாடிகளின் அடிப்பாகத்தை அறுத்து எடுத்து வந்தார். அம்மையார் அதில் மாவை ஊற்றிக் கேக் சுட்டார். கேக் பக்குவமாக வெந்தது, கண்ணாடியும் உடையவில்லை! அந்தக் கேக் தொழிற்சாலைக்குப் போய் நிபுணர்களின் நாவை மட்டுமல்ல, மூளையையும் தொட்டது. 1915-ல் 'பைரெக்ஸ்' பாத்திரங்கள் கடைக்கு வந்தன. அந்தக் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும்.

மூன்றில் ஒரு பங்கு என்றாலும் விரிவு விரிவுதானே? அறவே விரியாத கண்ணாடி கிடைக்குமா?

உலை செய்த உபகாரம்

அதே தொழிற்சாலையில், 1953-ல், டொனால்ட் ஸ்டூக்கி என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் தகட்டை 600 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் வைக்க நினைத்தார். உலையின் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, உஷ்ணம் 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகிக் குழம்பாகியிருக்கும் என்று எண்ணிக் கதவைத் திறந்தார். தகடு உருகவில்லை! பால் போல் வெளுத்து நின்றது. இடுக்கியால் எடுத்தார், நழுவித் தரையில் விழுந்தது. உடைய வேண்டியது 'கணீர்' என்று உலோகம் போல் ஒலித்து, முழுசாகவே கிடந்தது. 1958-ல் இதே இனத்திலிருந்து வெள்ளைச் சமையல் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன.

பாகும் கற்கண்டும்

உலைக்குள் நடந்தது என்ன? அதை உங்கள் அடுக்களை அனுபவத்தாலேயே விளங்கிக்கொள்ளலாம். சர்க்கரைப் பாகு சில சமயம் பூத்துப்போய், மணல் மணலாகிவிடும். பாகில் நூலைத் தொங்கவிட்டால் அதைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளரும். கண்ணாடியும் பாகு மாதிரிதான்: உருகி, படிகமாகாமலே இறுகிய பொருள். அது பூத்துவிட்டால் 'சரக்கு கெட்டது' என்று கண்ணாடி செய்வோர் ஒதுக்கிவிடுவார்கள். ஸ்டூக்கியின் தகட்டில் இருந்த நுண்ணிய வெள்ளித் துகள்கள் கற்கண்டு நூலின் வேலையைச் செய்தன. தகடு முழுவதும் ஒரே சீராகப் பூத்துவிட்டது!

இன்றைய அடுப்புத் தகட்டில் டைட்டானியம் போன்ற உலோகங்களின் ஆக்ஸைடுகளே அந்த 'நூல்'. அவற்றைப் பற்றி வளரும் படிகங்கள் சுமார் 50 நானோமீட்டர் அளவு. ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர்! ஒரு தலைமயிரின் குறுக்கே இந்தப் படிகங்கள் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கலாம். விசேஷம் என்னவென்றால், சூடு பட்டால் இவை சுருங்கும். சுற்றியுள்ள கண்ணாடி விரியும். வரவும் செலவும் சரியாகி, தகடு ஏறக்குறைய இருந்தபடியே இருக்கிறது. ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கிகள் இரண்டிலும் உள்ள, தலா 36 துண்டுகளாலான பெரிய ஆடிகள் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

படிகங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு வெட்டி 'சர்'ரென்று கிழிப்பாரே, அப்படித்தான் கண்ணாடியில் விரிசல் ஓடுகிறது. வழியில் படிகங்கள் குறுக்கிட்டால் அதன் வேகம் தடைப்படும். இதனால்தான் பல் வைத்தியர் பொருத்தும் சில பல்லுறைகளும், 2020 முதல் சில கைபேசிகளின் முகப்பும் படிகக் கண்ணாடியால் ஆகின்றன.

கவனிக்க வேண்டியவை

சூட்டுக்கு அஞ்சாத தகடு என்பதால் அடிக்கும் அஞ்சாது என்று நினைத்துவிடாதீர்கள். கனத்த பாத்திரத்தை அதன் மேல் 'தொப்'பென்று போடக் கூடாது. மயிரிழை விரிசல் கண்டாலும் உடனே மின்சார இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். விரிசல் வழியே தண்ணீர் உள்ளே இறங்கினால் ஆபத்து. பாகு சிந்தினால், அடுப்பை அணைத்து, அது ஆறி இறுகுவதற்குள் ஜாக்கிரதையாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இறுகும் சர்க்கரை தகட்டைப் பெயர்த்துவிடும்.

காஸ் அடுப்பின் கண்ணாடி மேற்பரப்பு பெரும்பாலும் வேறு ரகம். அது பதப்படுத்திய கண்ணாடி. உடைந்தால் பொடிப்பொடியாகச் சிதறும். பர்னரை மீறிப் பரந்த பெரிய பாத்திரத்தை வைத்து, வெப்பத்தை அதன் மேல் திருப்பிவிடாதீர்கள்.

இனி, தீபாவளிக்குக் கிண்டும் பாகு பூத்துப்போனால் மனம் சலிக்காதீர்கள். அதே 'பழுது'தான் உங்கள் அடுப்பின் மேல் தகடாக உட்கார்ந்து, தினமும் சோறு பொங்கிப் போடுகிறது!