ஒரு தாள், ஒரு பென்சில்

திருவனந்தபுரத்தில் சாலை என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. பழைய கடைத்தெரு. தமிழ் பேசும் குடும்பங்கள் அங்கே பல தலைமுறையாக வாழ்கின்றன.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா மூட்டை தூக்குகிறார். அம்மா பூக்கட்டுகிறார். மகனுக்கு இரண்டரை வயது. நன்றாக ஓடுகிறான். நன்றாகச் சாப்பிடுகிறான். ஆனால் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பாட்டில் மூடியைத் தரையில் சுற்றிவிடுவான். அது சுற்றுவதையே வெகுநேரம் பார்ப்பான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான்.

"அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான். தானா வந்துரும்" என்கிறார் பாட்டி.

"கண்ணு பட்டிருக்கு. மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க. ரெண்டு அடி போட்டாச் சரியாயிரும்" என்கிறார் சித்தப்பா.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் இப்படியே ஒரு வருடம் போகும். இரண்டு வருடம் போகும். சின்ன வயதில்தான் மூளை வேகமாக வளர்கிறது. அப்போது கிடைக்கும் உதவிக்குத்தான் பலன் அதிகம்.

குழந்தை ஏன் இப்படி இருக்கிறது?

எல்லோருடைய மூளையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது வேறு விதமாக வேலை செய்கிறது.

சில குழந்தைகளுக்குப் பிறரோடு பேசுவதும் பழகுவதும் கடினம். சத்தமும் வெளிச்சமும் தாங்காது. தினமும் ஒரே மாதிரி நடந்தால்தான் நிம்மதி. இதற்கு ஆட்டிசம் என்று பெயர்.

சில குழந்தைகளால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கவனம் நிற்காது. யோசிக்கும் முன்பே கை ஓடிவிடும். இதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள்.

சில குழந்தைகள் நன்றாகப் பேசுவார்கள். கதை சொல்வார்கள். ஆனால் எழுத்தைக் கூட்டிப் படிக்க மிகவும் சிரமப்படுவார்கள். இது டிஸ்லெக்சியா.

எழுத்துத் தெரியாத நாட்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். பஸ் பலகையைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கேட்டிருப்பீர்கள். கைநாட்டு வைக்கும்போது கூச்சப்பட்டிருப்பீர்கள். உங்களுக்குப் பள்ளிக்கூடம் போக வழி இல்லாமல் இருந்திருக்கலாம். இந்தக் குழந்தையோ தினமும் பள்ளிக்கூடம் போகிறது. எல்லோரோடும் உட்காருகிறது. ஆனாலும் எழுத்து வசப்படவில்லை. அதற்கு மேல் "மக்கு" என்ற பெயரும் கிடைக்கிறது. அதன் மனம் என்ன பாடுபடும்?

இவை யாருடைய குற்றமும் அல்ல. தாயின் வளர்ப்புதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் சில மருத்துவர்களே நம்பினார்கள். அது தவறு என்று பிறகு தெரிந்தது. தடுப்பூசியாலும் ஆட்டிசம் வருவதில்லை. கண்ணேறும் இல்லை, முன்வினையும் இல்லை.

திருவனந்தபுரம் தந்த அட்டவணை

குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா? இதை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. அது உருவானது திருவனந்தபுரத்தில்தான்.

அங்குள்ள மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஓர் அட்டவணை தயாரித்தார்கள். 1991இல் அது வெளியானது. திருவனந்தபுரத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

அட்டவணை ஒரே ஒரு தாள்தான். அதில் 17 செயல்கள் இருக்கும். முகம் பார்த்துச் சிரிப்பது. தலை நிற்பது. சத்தம் வந்த பக்கம் திரும்புவது. தனியாக நடப்பது. இரண்டு சொல் பேசுவது. இப்படி 17. ஒவ்வொரு செயலுக்கும் எதிரே ஒரு பட்டை இருக்கும். பெரும்பாலான குழந்தைகள் எந்த மாதத்துக்குள் அதைச் செய்துவிடுவார்கள் என்று அந்தப் பட்டை காட்டும்.

குழந்தைக்கு 12 மாதம் என்றால், 12 என்ற இடத்தில் பென்சிலை நேராக நிறுத்த வேண்டும். பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துவிட்ட செயல்கள் எல்லாம் குழந்தைக்கு வந்திருக்க வேண்டும். ஒன்று வரவில்லை என்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பார்த்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். அங்கன்வாடி டீச்சரே பார்க்கலாம்.

முதலில் இந்த அட்டவணை 2 வயது வரைக்கும்தான் இருந்தது. பிறகு 6 வயது வரை விரிவாக்கினார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இன்ன குறை என்று அட்டவணை சொல்லாது. "காட்டுங்கள்" என்று மட்டும்தான் சொல்லும். சில குழந்தைகள் தாமதமாகப் பேசி, பிறகு சரியாகிவிடுவதும் உண்டு. ஆனால் காட்டாமலே காத்திருக்கக் கூடாது. காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். மாற்றம் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். "செருப்பை எடு" என்றால் போதும்.

பேச்சு வராவிட்டால் படம் காட்டுங்கள். தண்ணீர்க் குவளையின் படம், பாயின் படம். படத்தைத் தொட்டுக் கேட்கக் குழந்தை பழகும்.

மிக்ஸி போடும் முன் குழந்தையை அடுத்த அறைக்கு அனுப்புங்கள்.

அடிக்காதீர்கள். அடியால் பயம் வரும். பேச்சு வராது, படிப்பும் வராது.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயர் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. ஆட்டிசமும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தன. குறையைக் காரணம் காட்டி, அரசுப் பள்ளியோ அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது.

முன் வரிசையில் இடம் கேளுங்கள். துறுதுறுப்பான குழந்தை நடுவில் எழுந்து நடக்க அனுமதி கேளுங்கள். எழுத முடியாத பதிலை வாயால் சொல்ல விடச் சொல்லுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். பதில் எழுத உதவியாளரும் கேட்கலாம். இதற்குச் சான்றிதழ் வேண்டும். பள்ளியில் விசாரித்து, முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

எங்கே போவது?

முதலில் அங்கன்வாடிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். திருவனந்தபுரத்தில் இருப்பவர்கள் குழந்தை வளர்ச்சி மையத்துக்குப் போகலாம். ஆக்குளத்தில் நிஷ் என்ற நிறுவனம் இருக்கிறது. அது 1997இல் தொடங்கியது. காது கேளாத குழந்தைகளுக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் அங்கே உதவி உண்டு.

அந்தச் சாலை வீட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். அம்மா மகனை அங்கன்வாடிக்குக் கூட்டிப் போகிறார். அங்கிருந்து மருத்துவரிடம் போகிறார். பிறகு பேச்சுப் பயிற்சி. வீட்டிலும் தினமும் பழக்குகிறார். மாதங்கள் ஆகின்றன. ஒருநாள் அவன் குவளைப் படத்தைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைக்கிறான். அவனுக்குத் தண்ணீர் வேண்டும். இத்தனை நாளும் அழுகையால்தான் கேட்டான். இன்று அழாமல் கேட்டிருக்கிறான்.

பேசிப் பாருங்கள்

1. "மக்கு", "முரடு" என்று உங்கள் தெருவில் யாரையாவது அழைக்கிறார்களா? அந்தக் குழந்தைக்கு எது கடினமாக இருக்கிறது?

2. உங்கள் அங்கன்வாடியில் வளர்ச்சி அட்டவணை இருக்கிறதா? நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.