முன்கூட்டி வந்த தீபாவளி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்களில் ஒருவராவது பழைய வீட்டைப் பழுது பார்த்தவராக இருந்திருந்தால், அந்தப் பழமொழியில் மூன்றாவது வாசகமும் ஒன்று சேர்ந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புது வீடு கட்டுகிறவனுக்குக் குடியிருக்க வேறு இடம் இருக்கிறது. பழைய வீட்டைப் பழுது பார்க்கிறவனோ, சுவருக்கு இந்தப் பக்கம் சமையல், அந்தப் பக்கம் சாரம் என்று காலந் தள்ள வேண்டும்.

மயிலாப்பூரில் எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டில் சென்ற வருஷம் தை மாதம் நாள் பார்த்து வேலை தொடங்கினோம். ஆனி முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார் மேஸ்திரி. எந்த வருஷத்து ஆனி என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

மேஸ்திரியை மட்டும் குறை சொல்வது தர்மமல்ல. எங்கள் வீட்டுத் தளம் 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர் பெற்ற வகை. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் வரிசை வரிசையாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தினால் பிணைத்திருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். இந்த வேலை தெரிந்த கைகள் இன்று சென்னையில் குறைவு. அவர்களுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

"சிமெண்டைப் பூசிவிட்டால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுமே!" என்று சொல்லாத உறவினர் இல்லை. ஆனால் பழைய செங்கல் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உள்ளே வாங்கி மெள்ள வெளியே விடும் இயல்புடையவை. மேலே சிமெண்டைப் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். சில மழைக்காலங்களுக்குள் பூச்சு பொருக்கு விட்டு உதிரும். சுண்ணாம்போ அவசரம் அறியாதது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, வாரக் கணக்கில் நீருக்கடியில் ஊற வைக்க வேண்டும். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு மறுபடியும் கல்லாக மாறுகிறது. வெயிலில் அவசரமாக உலர்ந்தால் வெடித்துவிடும். ஒரு பூச்சு இறுகும் வரையில் அடுத்த பூச்சுக்குக் கை வைக்கலாகாது. ஆகவே எங்கள் வீட்டில் பாதி நாள் வேலை நடந்தது. பாதி நாள் சுவர் உலர்வதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த நிலையில்தான் தையல் யந்திர விஷயம் வந்தது.

என் தாயாருக்கு வயது எழுபத்தாறு. அவருக்குக் கல்யாணம் ஆனபோது அவருடைய தகப்பனார் கைச்சக்கரம் வைத்த உஷா யந்திரம் ஒன்றைச் சீராகக் கொடுத்தார். 1930-களில் கல்கத்தாவில் நம்மவர்கள் செய்யத் தொடங்கிய யந்திரம் என்பதில் கதர் உடுத்திய அந்தப் பெரியவருக்கு அளவு கடந்த பெருமை. என் கால்சட்டைகள், என் தங்கைகளின் பாவாடைகள், தெருவிலுள்ள பாதி ரவிக்கைகள், எல்லாம் அதில் தைத்தவைதாம். 1991-ல் என் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்த யந்திரம் வீட்டை விட்டுப் போயிற்று. "இனிமேல் யாருக்குத் தைக்கப் போகிறேன்? இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது" என்று அம்மா அப்போது சொன்னார். நானும் அதை நம்பினேன். பதினேழு வயதில் எதையும் நம்புவது சுலபம்.

கொல்லைப்புறத்து அறையைப் புதுப்பித்து, கிழக்கே பெரிய ஜன்னல் வைத்து, தீபாவளியன்று அந்த ஜன்னலோரம் ஒரு புதிய தையல் யந்திரத்தை அம்மாவுக்குக் கொடுப்பது என்று நானும் என் மனைவியும் இரகசியமாகத் தீர்மானித்திருந்தோம். ஆனி மாதத்தில் அம்மாவைக் கண் வைத்தியரிடம் அழைத்துப் போனோம். கண் நீர் அழுத்த நோய் என்றார் அவர். இதில் ஒரு முறை போன பார்வை திரும்புவதில்லை; மருந்துச் சொட்டுக்களைத் தவறாமல் விட்டு, எஞ்சியிருப்பதைக் காத்துக்கொள்ளலாம் என்று விளக்கினார்.

அன்றிரவு, "தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதந்தானே! அறையும் அதற்குள் தயாராகிவிடும்" என்றேன்.

"அறை ஐப்பசியில் தயாராகும் என்று மேஸ்திரி சொன்னார். அம்மாவின் கண் ஐப்பசி வரையில் இப்படியே இருக்கும் என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்டாள் என் மனைவி.

நான் பதில் சொல்லவில்லை. சுவர் உலர்வதற்குக் காலம் வேண்டும் என்பது சுண்ணாம்பின் சுபாவம். பரிசு தீபாவளிக்குத்தான் வரவேண்டும் என்பது நாமே போட்டுக்கொண்ட விலங்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு நான் குழப்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது.

ஆடி மாதம் முதல் வாரத்திலேயே காலால் மிதிக்கும் யந்திரம் ஒன்று வந்து இறங்கியது. ஒருபுறம் சுண்ணாம்புத் தொட்டி, மறுபுறம் மணற் குவியல். நடுக் கூடத்தில் அதை நிறுத்தினோம். ஆடியில் புதுக் காரியம் தொடங்கலாமா என்று ஓர் அத்தை ஆட்சேபித்தார். "ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொல்லவில்லையா? இதுவும் விதைதான்" என்று அம்மா முடித்துவிட்டார். பிறகு வெகு நேரம் பேசாமல் யந்திரத்தின் சக்கரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "கடனாடா வாங்கினாய்?" என்பதுதான் அவர் கேட்ட முதற் கேள்வி.

தையல் யந்திரத்தின் சரித்திரம் நேயர்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1830-ல் பிரான்ஸ் தேசத்தில் திமோனியே என்ற தையற்காரர் ஒரு யந்திரத்துக்கு உரிமை பெற்று, ராணுவ உடைகள் தைக்கப் பட்டறை வைத்தார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய சக தையற்காரர்கள் அந்தப் பட்டறையை உடைத்து நொறுக்கினார்கள். 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே, முனையில் காதுள்ள ஊசியும் இரண்டு நூல்களும் கொண்ட யந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1851-ல் ஐசக் சிங்கர் அதைப் பெரிதும் செப்பனிட்டார். அவருடைய கம்பெனி தவணை முறையில் விற்றதால் அது சாதாரணக் குடும்பங்களிலும் புகுந்தது.

யந்திரங்களுக்கு விரோதி என்று பெயரெடுத்த காந்திஜியும் இதற்கு மட்டும் விலக்குக் கொடுத்தார் என்பது கவனிக்கத் தக்கது. 1924-ல் நடந்த ஒரு சம்பாஷணையில் அவர் சிங்கரின் யந்திரத்தைப் புகழ்ந்தார். மனைவி ஊசியோடு படும் பாட்டைக் கண்டு, அவள் மீதுள்ள அன்பினால் சிங்கர் இதைச் செய்தார் என்பது அவர் கருத்து. சரித்திர ஆசிரியர்கள் சிங்கரை அவ்வளவு அன்புமயமானவராகச் சித்திரிப்பதில்லை. பணந்தான் அவருடைய நோக்கம் என்கிறார்கள். அதனால் என்ன? மனிதனின் உழைப்பைப் பறிக்காமல் உழைக்கிறவரின் சிரமத்தைக் குறைப்பதே நல்ல யந்திரம் என்ற காந்திஜியின் அளவுகோல் அப்படியே நிற்கிறது. அந்த யந்திரத்தைச் செய்யவும் தொழிற்சாலை வேண்டுமே என்று கேட்டதற்கு, அத்தகைய தொழிற்சாலைகள் ராஜாங்கத்தின் வசம் இருக்கட்டும் என்றார்.

எங்கள் கூடத்தில் அன்பு எப்படி வேலை செய்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஊசியில் நூல் கோப்பது அவள் பொறுப்பு. மற்றதெல்லாம் பாட்டியின் பொறுப்பு. தைத்த துணியைத் திருப்பி, அடிப்பக்கத்தை விரலால் தடவியே பாட்டி தீர்ப்புச் சொல்லிவிடுவார். "அடியில் நூல் சுருண்டு கிடக்கிறது பார், மேல்நூல் தளர்ந்துவிட்டது. திருகைக் கொஞ்சம் இறுக்கு" என்பார். பேத்தி இறுக்குவாள். மேல்நூலும் அடிநூலும் சம பலத்தோடு இழுத்து, துணியின் நடுவிலே முடிச்சு விழுந்தால்தான் தையல் நிற்கும். அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட விரலால் தெரிந்துகொள்வதே மேல் என்பது அம்மாவின் அபிப்பிராயம். அந்த விரல் வித்தையைத்தான் அவர் அவசர அவசரமாகப் பேத்தியின் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

யந்திரத்துக்குப் பரம சத்துரு தூசி. எங்கள் வீட்டிலோ தூசியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகையால் பழைய போர்வையில் யந்திரத்துக்கு ஓர் உறை தைத்ததுதான் முதல் வேலை. தினந்தோறும் மாலையில் பல்லுக்கு இடையே படிந்த பஞ்சையும் தூசியையும் துடைத்து எண்ணெய் விடுவது இரண்டாவது பாடம். சித்தாள் வேலை செய்யும் அம்மாள் ஒரு நாள் தயங்கித் தயங்கி, தன் பேரனின் கிழிந்த பள்ளிக்கூடச் சட்டையை நீட்டினாள். மறு நாள் காலை அது ஒட்டுத் தெரியாமல் தைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு மேஸ்திரியின் ஆட்கள் குறித்த நேரத்தில் வரலானார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று நான் சாதிக்க மாட்டேன். என் மனைவி சாதிக்கிறாள்.

ஐப்பசி வந்தது. மேஸ்திரி கையை விரித்தார். கொல்லைப்புறத்து அறையின் கடைசிப் பூச்சு இன்னும் ஈரமாயிருந்தது. சுண்ணாம்பை அவசரப்படுத்த முடியாது. பரிசையும் அந்த அறைக்காகக் காக்க வைத்திருந்தால், தீபாவளியன்று எங்களிடம் ஈரச் சுவரும், திறக்காத ஒரு பெட்டியுந்தான் இருந்திருக்கும். இப்போதோ என் மகள், தானே தைத்த பச்சைப் பாவாடையோடு பாட்டியின் முன்னால் நமஸ்கரித்தாள். அம்மா ஆசீர்வதித்துவிட்டு, வழக்கம் போல் பாவாடையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி விரலால் தடவினார். ஒரு குறையும் சொல்லவில்லை.

அம்மாவின் இடது கண் இப்போது முன்னைவிடச் சற்று மங்கல்தான். வலது கண் அப்படியே இருக்கிறது. சொட்டு மருந்து தவறுவதில்லை. வீட்டு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. கிழக்கு ஜன்னலுக்குத் தச்சர் இன்னும் கதவு கொண்டு வரவில்லை. திரை மட்டும் தயாராகி, மடித்து வைத்திருக்கிறது.