பயோடேட்டாவில் மதிப்பெண்: எழுதுவதா, விடுவதா?

கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவன் கையில் முதலில் எடுத்துச் செல்வது பட்டச் சான்றிதழ் அன்று, பயோடேட்டாதான். சான்றிதழ் கைக்கு வருமுன்பே வேலை தேடும் படலம் தொடங்கிவிடுகிறது. அந்த ஒரு பக்கத் தாளில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை எழுத யாரும் தயங்குவதில்லை. ‘சதவீதம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும்தான் பேனா நின்றுவிடுகிறது.

வீட்டில் பட்டம் பெற்ற அண்ணனோ அக்காளோ இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என்னைப் போல, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எங்கள் செல்லூரில் பயோடேட்டா வேண்டுமென்றால் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போவோம். அங்குள்ள கம்ப்யூட்டரில் யாரோ ஒருவருடைய பயோடேட்டா ஏற்கெனவே இருக்கும். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, மதிப்பெண் கட்டத்தை நிரப்பி அச்செடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கட்டம் இருக்கிறது, ஆகவே நிரப்புகிறோம். அந்தக் கட்டம் எப்போது தேவை, எப்போது தேவையில்லை என்பதைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வாசல்கள்

வேலைக்குப் போகும் வாசல்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கல்லூரி மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளாத வாசல். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்குப் பட்டம் வேண்டும். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இரண்டிலும் தரவரிசையைத் தீர்மானிப்பது ஆணையம் நடத்தும் தேர்வில் நாம் பெறும் மதிப்பெண்ணே. மத்திய அரசின் குடிமைப்பணித் தேர்வுக்கும் பட்டம்தான் தகுதி. இத்தனை சதவீதம் என்ற நிபந்தனை கிடையாது. கல்லூரியில் 45 வாங்கியவரும் 85 வாங்கியவரும் இங்கே ஒரே கோட்டில் நின்றுதான் ஓடத் தொடங்குகிறார்கள். உண்மையில், தமிழக அரசுப் பணிகளில் மதிப்பெண்ணைவிடப் பயன்படும் விவரம் வேறொன்று இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளிப்படிப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. அதற்கான சான்றிதழை வாங்கி வைக்க மறப்பவர்கள் பலர்.

இரண்டாவது, மதிப்பெண்ணையே தாழ்ப்பாளாக வைத்திருக்கும் வாசல். ரிசர்வ் வங்கியின் உதவியாளர் பணிக்குப் பொதுப் பிரிவினர் பட்டப்படிப்பில் 50 சதவீதமும், ‘பி’ நிலை அதிகாரி பணிக்கு 60 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனிகள் பலவும் 60 சதவீதம் கேட்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் கேட்பவையும் உண்டு. இங்கே எழுதுவதா விடுவதா என்ற கேள்விக்கே இடமில்லை. கேட்டதை, உள்ளது உள்ளபடி எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது, எதுவும் கேட்காத வாசல். மருந்துக் கம்பெனி, ஆய்வுக்கூடம், மில், கணக்கு எழுதும் அலுவலகம் என்று இவை பலவகைப்படும். ‘பி.எஸ்சி. படித்தவர்கள் தேவை’ என்ற ஒரு வரி விளம்பரத்தோடு இவர்கள் நின்றுவிடுவார்கள். எழுதுவதா விடுவதா என்று நாமே முடிவு செய்யும் உரிமை இங்கேதான் இருக்கிறது.

எந்த எண்ணை எழுதுவது?

எழுதுவது என்று முடிவு செய்துவிட்டால் அடுத்த சிக்கல், எந்த எண் என்பது. நம் பட்டப்படிப்பில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப்பாடமும், பிறகு மற்றவை. ‘முதல் வகுப்பு’ என்று நாம் பெருமையோடு சொல்வது பெரும்பாலும் பகுதி மூன்றைத்தான். வங்கித் தேர்வு அறிவிப்புகளோ எல்லாப் பருவங்களிலும் எல்லாப் பாடங்களிலும் பெற்ற மொத்த மதிப்பெண்ணைக் கணக்கிடச் சொல்கின்றன. புள்ளிக்குப் பின் வருவதைச் சேர்ப்பதும் இல்லை. 59.99 வாங்கினாலும் அது 60க்குக் குறைவுதான் என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவர் தமிழில் 400க்கு 248, ஆங்கிலத்தில் 400க்கு 160, பகுதி மூன்றில் 2200க்கு 1364, மற்றவற்றில் 600க்கு 360 பெற்றிருக்கிறார் என்று கொள்வோம். பகுதி மூன்றில் அவர் 62 சதவீதம், முதல் வகுப்பு. மொத்தமோ 3600க்கு 2132, அதாவது 59.22 சதவீதம். 60 என்ற தாழ்ப்பாள் திறக்காது. பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த நம்மில் பலரை ஆங்கிலத் தாள்கள் இப்படித்தான் வாசலில் நிறுத்திவிடுகின்றன. ‘பாஸானால் போதும்’ என்று நாம் விட்டுவிடும் தாளுக்கும் விலை உண்டு. இது மூன்றாம் ஆண்டின் முடிவில் அல்ல, இப்போதே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சி.ஜி.பி.ஏ. என்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. அது ஒவ்வொரு தாளின் தரப்புள்ளியை அதன் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்து வருவது. 4 கிரெடிட் தாள் 2 கிரெடிட் தாளைப் போல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே வெறுமனே ‘6.8’ என்று எழுதாமல் ‘10க்கு 6.8’ என்று எழுதுவதே முறை. அதைச் சதவீதமாக மாற்ற நேர்ந்தால் நம் பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படியே மாற்ற வேண்டும். நண்பன் சொன்ன பெருக்கல் செல்லாது.

2021இல் கொரோனா காரணமாகத் தமிழகத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறவில்லை. அவ்வாண்டுச் சான்றிதழில் ‘தேர்ச்சி’ என்று மட்டுமே இருக்கிறது. அந்த ஆண்டினர் ‘தேர்ச்சி, 2021’ என்று எழுதினால் போதும். கட்டம் காலியாக இருக்கிறதே என்று ஓர் எண்ணைக் கற்பனை செய்யத் தேவையில்லை.

இராமானுஜன் எழுதிய விண்ணப்பம்

எதுவும் கேட்காத வாசலில் எப்படி எழுதுவது என்பதற்கு நம்மைப் போலவே ஓர் அரசுக் கல்லூரியில் படித்தவர் வழிகாட்டியிருக்கிறார். கணித மேதை இராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றவற்றில் மனம் செல்லாததால் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவர் 1912 பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுத்தர் வேலை கேட்டு எழுதிய விண்ணப்பம் இன்றும் கிடைக்கிறது.

அதில் என்ன இருக்கிறது? மெட்ரிகுலேஷன் தேறியது, எஃப்.ஏ. வரை படித்தது, சூழ்நிலையால் மேற்கொண்டு படிக்க முடியாமற்போனது, அதன்பின் முழு நேரத்தையும் கணிதத்தில் செலவிட்டது ஆகியவை இருக்கின்றன. மதிப்பெண் இல்லை. தோற்றதை அவர் விவரிக்கவில்லை. தேறியதாகப் பொய்யும் சொல்லவில்லை. கூடவே மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரைக் கடிதத்தை இணைத்தார். மார்ச் 1ஆம் நாள் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

நாமெல்லாம் இராமானுஜன் அல்லர், உண்மைதான். ஆனால் அவர் கேட்டதும் எழுத்தர் வேலைதான். அவர் கையாண்ட முறை யாருக்கும் எட்டாததன்று. மதிப்பெண் நன்றாக இருந்தால் எழுதலாம். குறைவாக இருந்து, கேட்கப்படவும் இல்லை என்றால், பட்டமும் ஆண்டும் மட்டும் எழுதி, அந்த இடத்தில் செய்யத் தெரிந்ததை எழுதலாம். அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேறியது, ஆய்வகத்தில் தனியாகச் செய்யத் தெரிந்த சோதனைகள், விடுமுறையில் பார்த்த வேலை எல்லாம் தகுதிகளே. முதற்பருவத்தில் சறுக்கிப் பின்னர் ஏறி வந்தவர்கள், கடைசி இரண்டு பருவங்களின் மதிப்பெண்ணை இன்ன பருவத்துக்குரியது என்று குறிப்பிட்டு எழுதலாம். நேரில் கேட்டால் மொத்தத்தையும் தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

எந்த வாசலிலும் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: 58ஐ 60 ஆக்குவது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் எல்லாம் வெளியே வரும். கிடைத்த வேலையும் போகும். விடுவது வேறு, மாற்றுவது வேறு.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத மாணவர்களுக்கு உங்கள் கையெழுத்திட்ட நான்கு வரிப் பரிந்துரை, மதிப்பெண் பட்டியல் சொல்லாததைச் சொல்லும். கேட்கத் தயங்குவோர் பலர். நீங்களே கூப்பிட்டுக் கொடுத்தால் மறக்க மாட்டார்கள்.

நண்பர்களே! மதிப்பெண் குறைவு என்பதற்காக விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுவோர் நம்மிடையே நிறைய. கேட்காத இடத்திலும் தாமாகவே தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்கிறார்கள். முதலில் அறிவிப்பை முழுவதும் படியுங்கள். எந்த வாசல் என்று பாருங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.