அண்ட நுண்ணலைப் பின்புல நிறமாலை அளவீடு

அண்ட நுண்ணலைப் பின்புல நிறமாலை அளவீடு என்பது, வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மங்கலான நுண்ணலைக் கதிர்வீச்சின் செறிவு ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு எனக் கண்டறிவதாகும். பெரு வெடிப்புக் கோட்பாட்டின்படி இக்கதிர்வீச்சு, சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்த இளம் அண்டத்தின் எச்சம். எனவே அதன் நிறமாலை ஒரு கரும்பொருளின் நிறமாலையை ஒத்திருக்க வேண்டும்.

ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் 1965-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு, 7.35 செ.மீ. என்னும் ஒரே அலைநீளத்தில் செய்த அளவீடு ஆகும். ஒரு புள்ளியைக் கொண்டு வளைகோட்டின் வடிவத்தைக் கூற இயலாது. நிறமாலையின் உச்சம் ஏறத்தாழ 160 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் உள்ளது. அப்பகுதியிலும் அதற்கு அப்பாலும் வளிமண்டல நீராவி கதிர்வீச்சை உட்கவர்வதோடு தானும் கதிர்வீசுவதால், பலூன்களும் ஏவூர்திகளும் தேவைப்பட்டன. 1987-இல் பெர்க்லி, நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏவூர்தியில் அனுப்பிய கருவி, ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான கதிர்வீச்சைக் காட்டியது. இது உண்மையெனில், இளம் அண்டத்தில் பேரளவு ஆற்றலை வெளியிட்ட, அதுவரை அறியப்படாத நிகழ்வு ஒன்றைக் கருத வேண்டியிருந்தது.

கோபே செயற்கைக்கோள்

நாசா 1989 நவம்பர் 18 அன்று ஏவிய கோபே செயற்கைக்கோளில், ஜான் மாதர் தலைமையில் உருவான ஃபிராஸ் என்னும் கருவி இருந்தது. இது ஒரு குறுக்கீட்டுமானி. வானின் கதிர்வீச்சைத் தனியே அளக்காமல், வெப்பநிலை அறியப்பட்ட ஓர் உட்புறக் கரும்பொருளுடன் ஒப்பிட்டது. இரண்டும் சமமெனில் வெளியீடு ஏறத்தாழச் சுழியாகும். தராசின் இரு தட்டுகளைச் சமன் செய்வதைப் போன்றது இது. அவ்வப்போது மற்றொரு கரும்பொருள் கருவியின் கூம்பு வாயில் பொருத்தப்பட்டு, வானுக்குப் பதிலாக அளக்கப்பட்டது. அளவீட்டின் நம்பகத்தன்மை பெரிதும் இந்தச் சரிபார்ப்பையே சார்ந்தது. நீர்ம ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட இக்கருவி, 1990 செப்டம்பரில் ஹீலியம் தீரும் வரை சுமார் பத்து மாதங்கள் இயங்கியது.

முதல் முடிவுக்கு ஒன்பது நிமிடத் தரவுகளே போதுமானதாயின. 1990 சனவரியில் அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில் மாதர் அந்நிறமாலையைக் காட்டியபோது அவையோர் எழுந்து நின்று கைதட்டினர். 1987-இல் கூறப்பட்ட கூடுதல் கதிர்வீச்சு அதில் இல்லை. அதே மாதம் எர்பர்ட் கஷ் தலைமையிலான கனடியக் குழுவின் ஏவூர்தியும் இதே முடிவைத் தந்தது. அதிகம் பேசப்படாவிடினும், தனித்த உறுதிப்பாடு என்ற வகையில் அது முக்கியமானது.

முழுத் தரவுகளின்படி, கரும்பொருள் வளைகோட்டிலிருந்து சராசரி விலகல் உச்சச் செறிவில் மில்லியனில் 50 பங்கிற்கும் குறைவு. 2009-இல் மறுபகுப்பாய்வு செய்யப்பட்ட வெப்பநிலை 2.7255 கெல்வின் ஆகும். மாதர் 2006-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை ஜார்ஜ் சுமூட்டுடன் பகிர்ந்துகொண்டார். சுமூட்டின் பங்கு இதே செயற்கைக்கோளின் வேறொரு கருவியால் கண்ட வெப்பநிலை வேறுபாடுகள் பற்றியது.