ஆணாய் வாழ்ந்து பெண்ணாய் மாறும் கொடுவா

கல்முனைச் சந்தையில் மீன் விற்கும் பக்கமாக ஒரு விடிகாலையிற் சென்றிருந்தோம். கீரியும் பாரையும் சூரையும் குவிந்திருந்த பலகைகளின் நடுவே பெரிய கொடுவா ஒன்று தனியே கிடந்தது. வெள்ளி பூத்த செதில், சற்றே முன்நீண்ட கீழ்த்தாடை, பிடரி குழிந்து எழுந்த முதுகு என மீன்களுள் அதுவொரு கம்பீரமான பிறவிதான். "இது ஆணா, பெண்ணா?" என்று கடைக்காரப் பெரியவரை வினவினோம்.

"பெரிசிலெல்லாம் சினைதான் மனே. பெரிய ஆண் கொடுவாவ இந்தக் கையால நான் வெட்டினதே இல்ல" என்றார் அவர்.

இதை வெறும் சந்தைப் பேச்சென்று தள்ளிவிடலாகாது. பப்புவா நியூகினியிற் பல்லாயிரம் மீன்களைச் சோதித்த விஞ்ஞானி மூர் என்பார் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபும் ஏறக்குறைய இதுவேயாகும். கொடுவாக்களிற் பெரும்பாலானவை முதலில் ஆணாகவே பருவமடைகின்றன. மூன்று நான்கு வயதில் ஆணாகி, சில பருவங்கள் இனப்பெருக்கத்திற் பங்குகொண்டு, ஆறு முதல் எட்டு வயதளவிற் பெண்ணாக மாறிவிடுகின்றன. விந்து சுரந்த உறுப்பே உருமாறி முட்டை சுரக்கும் உறுப்பாகிறது. ஆண்பருவமே காணாது நேரே பெண்ணாவனவும் சிலவுண்டு.

இயற்கை ஏன் இவ்வாறு விதித்தது? கணக்கு எளியதே. விந்தைத் தருவதற்குச் சிறிய உடலே போதும். முட்டைகளைச் சுமப்பதற்கோ வயிற்றில் இடம் வேண்டும். ஒரு மீற்றரைத் தாண்டிய தாய்மீன் ஒரு பருவத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளை இட வல்லது. ஆகவே உடல் சிறுத்திருக்கும் வரை ஆணாகவும், பெருத்தபின் பெண்ணாகவும் இருப்பதே இலாபம். நம் கடலின் களவா மீன் இதற்கு நேர்மாறு. அது பெண்ணாகத் தொடங்கிப் பின்னர் ஆணாகும்.

கொடுவாவின் இருப்பிடமும் இரண்டுபட்டதே. ஆற்றிலும் களப்பிலும் வளர்ந்த மீன், முட்டையிடும் காலத்தில் உவர்நீரை நாடி முகத்துவாரத்துக்கு இறங்கிவிடும். நன்னீரில் அதன் விந்துக்கு அசைவில்லை. உவர்நீரில் மிதக்கும் முட்டை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு நாளுக்குள் குஞ்சு வெளிவந்துவிடும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, நீர் ஏறும் வேளையிலேயே முட்டையிடுவதால், அலை அவற்றைக் கழிமுகத்தினுள்ளே கொண்டு சேர்க்கிறது. கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே குஞ்சுகள் ஒளிந்து வளரும். அப்போது அவற்றின் தலையில் வெள்ளைக் கோடுகள் காணப்படும், பின்னர் மறைந்துவிடும். உடன்பிறப்புகளையே விழுங்கும் குணமும் அவற்றுக்குண்டு. தன் நீளத்திற் பாதிக்கு மேற்பட்ட தம்பியைக் கூட அண்ணன் விட்டுவைப்பதில்லை! மீன் வளர்ப்போர் சில நாட்களுக்கொருமுறை குஞ்சுகளை அளவுவாரியாகப் பிரித்து வைப்பது இக்காரணம் பற்றியே. தாய்லாந்தின் சொங்க்லாவில் 1970களின் தொடக்கத்திலும், சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1997இலும் இம்மீனைப் பொரிக்கச் செய்து வெற்றி கண்டனர்.

நம் ஊர்ப்பக்கம் சற்றுப் பார்ப்போம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடி நம்மையே தொடுகிறது. கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே கிட்டங்கித் தாம்போதியில் மாரி வெள்ளம் பாய்வதைக் காணாத மாணவர் இங்கு இலர். இவ்வாவிக்குக் கடல்வாய்கள் இரண்டே. ஒன்று வடக்கே பாலமீன்மடுவில், மற்றது கல்லாற்றில். வரட்சியில் அவற்றை மணல் அடைத்துக்கொள்ளும். வெள்ளம் வயலை மூடினால் வாயை வெட்டும்படி கமக்காரர் கோருவர். களப்பு நீர் குறைகிறதே என்று மீன்பிடிப்போர் கவலுவர். இருசாராரின் வழக்கிலும் நியாயமுண்டு. ஆனால் முட்டையிடக் கடல்வாய்க்கு இறங்கும் கொடுவாவுக்கும் அந்த வாயில் ஒரு வழக்குண்டு என்பதை எவரும் எடுத்துரைப்பதில்லை.

வேறோர் இடரும் உளது. பெரிய மீன்களே தாய்மீன்களாதலால், பெரியவற்றையே தேடிப் பிடித்தால் தாய்களே அருகும். சிறுகண் வலையாற் குஞ்சுகளை வாரினால், நாளைய ஆண்களும் மறுநாளைய பெண்களும் ஒருங்கே போய்விடும். அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலம் இதனை உணர்ந்து, 58 சென்ரிமீற்றருக்குச் சிறியதையும் 120 சென்ரிமீற்றருக்குப் பெரியதையும் பிடித்து வைத்திருக்கலாகாது என விதித்துள்ளது. சிறிய மீனைக் காக்கும் சட்டம் பல நாடுகளிலுண்டு. பெரிய மீனையும் காப்பதுதான் புதுமை.

நாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே பெரியவர் மீனை வகிர்ந்தார். அவர் சொன்னபடியே இருபுறமும் மஞ்சட்சினை நிறைந்திருந்தது. நடுத்துண்டம் ஒரு கிலோ வாங்கினோம். சினையிலும் ஒரு பங்கை வாழையிலையிற் பொதிந்து தந்தார். அன்று வீட்டில் பாலாணம் மணத்தது. பொரித்த சினையைப் பிள்ளைகள் விரும்பி உண்டனர். அத்தட்டில் எத்தனை இலட்சம் கொடுவா இருந்தன என்று நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை.